குன்னூரில் பப் தேடுகிறவருக்கு

கேள்வி இதுதான். கோவையிலிருந்து இரண்டு குடும்பம், ஏப்ரல் 30 சாயங்காலம் குன்னூர் வந்து மூன்று இரவு தங்கப் போகிறார்கள். பெங்களூரில் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பப் இருக்குமே, சாப்பாடும் உருப்படியாக இருக்கும், பாட்டுச் சத்தம் காதைப் பிளக்காது, இரண்டு மணி நேரம் நிம்மதியாக உட்காரலாம், அந்த மாதிரி இடம் குன்னூரிலோ ஊட்டியிலோ உண்டா என்று கேட்கிறார்கள். நாலு பேரில் ஒருவர் சைவம், கூட எட்டு வயதுக் குழந்தை.

நேராகச் சொல்லிவிடுகிறேன், அப்படியே அதே மாதிரி ஒன்று இங்கே கிடையாது. ஆனால் அந்த மாதிரி ஒரு சாயங்காலத்தை இங்கே அமைத்துக்கொள்ள முடியும். அதற்கு இந்த ஊரில் சரக்கும் சமையலும் ஏன் தனித்தனியாகக் கிடக்கின்றன என்பது கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். நான் இந்த ஊர்க்காரன், மலையில் ஹோட்டல் கிச்சன்களில் வேலை பார்த்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன்.

தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை 2003லிருந்து டாஸ்மாக் கையில். உட்கார்ந்து குடிக்க அனுமதி என்று பார்த்தால் கிளப்புக்கு எஃப்.எல்.2, தங்கும் அறைகள் உள்ள ஹோட்டலுக்கு எஃப்.எல்.3, சுற்றுலா வளர்ச்சிக் கழக ஹோட்டலுக்கு எஃப்.எல்.3ஏ, மிச்சம் டாஸ்மாக் கடையை ஒட்டிய பார். பெரும்பாலும் அவ்வளவுதான். குன்னூர் பெட்ஃபோர்டு பக்கம் ஒரு நல்ல சமையல்காரர் சின்ன இடம் பிடித்து இருபது பேர் உட்காரும்படி அருமையாகச் சமைத்துப் போடலாம், ஆனால் ஒரு பாட்டில் பியர் வைக்க முடியாது. பியர் வைக்க வேண்டுமென்றால் அவர் முதலில் லாட்ஜ் கட்ட வேண்டும். அதனால்தான் குன்னூரில் நன்றாகச் சமைக்கிற சின்ன இடங்கள் எல்லாம் எலுமிச்சை ஜூஸோடு நிற்கின்றன, சரக்கு அடுக்கி வைத்திருக்கிற இடங்களில் பாதிக்கு மேல் சமையலைப் பற்றிக் கவலையே படுவதில்லை. ரூம் வாடகையில் ஓடுகிற ஹோட்டலுக்கு பார் ஒரு கூடுதல் வருமானம், அங்கே சைட் டிஷ் எப்படி இருந்தால் என்ன?

நீங்கள் தேடுகிற மாதிரி பப் பிறந்த கதையே இதற்கு நேர் எதிர். இங்கிலாந்தில் 1989இல் ஒரு அரசாணை வந்தது, 2000 பப்புக்கு மேல் கையில் வைத்திருந்த பெரிய பியர் கம்பெனிகள் தங்கள் பிடியைத் தளர்த்த வேண்டும் என்று. நிறைய பப்புகள் கைமாறின, கையில் பெரிய பணம் இல்லாதவர்களும் எடுத்து நடத்த முடிந்தது. 1991இல் டேவிட் எயர், மைக் பெல்பென் என்ற இரண்டு பேர் லண்டன் ஃபாரிங்டன் ரோட்டில் 'தி ஈகிள்' என்ற பழைய பப்பை எடுத்து, பார் கவுண்டருக்குப் பின்னாலேயே அடுப்பைப் போட்டு, அன்றைய மெனுவைக் கரும்பலகையில் எழுதி, ஒன்றோடு ஒன்று பொருந்தாத பழைய நாற்காலிகளைப் போட்டு ஆரம்பித்தார்கள். நல்ல சமையல் உள்ள பப்புக்கு கேஸ்ட்ரோபப் என்ற பெயரே அங்கிருந்துதான் கிளம்பியது. போர்ச்சுகல் பாணி மாட்டிறைச்சி சாண்ட்விச் இன்றும் அங்கே பேர் போனது. அங்கே சட்டம் சமையல்காரனுக்குக் கதவைத் திறந்துவிட்டது, இங்கே சட்டம் அவனிடம் கட்டில் மெத்தை எத்தனை இருக்கிறது என்று கேட்கிறது.

(பியர் ஒன்றும் நம் மலைக்குப் புதிதில்லை. 1915இல் தென்னிந்தியாவின் ஐந்து மது ஆலைகளைச் சேர்த்து யுனைடெட் ப்ரூவரிஸ் கம்பெனி உருவானபோது அதில் ஒன்று நீலகிரி ஆலை. இன்றைக்கு இங்கே குடிக்கிற பியர் முழுக்க மலையேறி வருவது.)

சரி, என்ன செய்வது? பாரைப் பார்த்து இடம் தேடாதீர்கள், கிச்சனைப் பார்த்துத் தேடுங்கள். நாளெல்லாம் ஆள் வந்து சாப்பிடுகிற ரெஸ்டாரன்ட் உள்ள, பார் லைசென்சும் உள்ள ஹோட்டல் உங்களுக்கு வேண்டும். அங்கே போய் பார் அறைக்குள் நுழையாமல் ரெஸ்டாரன்ட்டிலோ புல்வெளியிலோ உட்கார்ந்து, பானத்தை அங்கே கொண்டுவரச் சொல்லுங்கள். பெரிய ஹோட்டல்களில் பெரும்பாலும் மறுப்பதில்லை. குழந்தை கூட இருப்பதால் உங்களுக்கு இது ஒன்றுதான் வழி, பார் அறையில் குழந்தையோடு உட்கார விடமாட்டார்கள், விட்டாலும் உட்காராதீர்கள். கூட வருகிற பெரியவர்களில் யாராவது கல்லூரிப் பருவம் என்றால், தமிழ்நாட்டில் குறைந்தபட்ச வயது 21 என்பதையும் நினைவில் வையுங்கள்.

பெயர் சொல்லு என்பீர்கள். குன்னூர் சர்ச் ரோட்டில் உள்ள கேட்வேயும் ஊட்டி சவாயும் தாஜ் குழுமத்தின் பழைய பங்களா ஹோட்டல்கள், பாரும் உண்டு, புல்வெளியும் உண்டு, கணப்பும் உண்டு, விலையும் அதற்குத் தகுந்த மாதிரி. நீங்கள் தேடுகிற பக்கத்துத் தெரு எளிமை அங்கே இருக்காது, ஆனால் குடும்பத்தோடு போனால் சங்கடமில்லை. அதற்குக் கீழே பஸ் ஸ்டாண்டு, பெட்ஃபோர்டு சுற்றியுள்ள நடுத்தர ஹோட்டல்களில் எது எந்த வருடம் நன்றாக இருக்கும் என்பது அங்கே அப்போது இருக்கிற சமையல் மாஸ்டரைப் பொறுத்தது. மாஸ்டர் மாறினால் எல்லாம் மாறிவிடும், அதனால் பெயர் சொல்லாமல் கண்டுபிடிக்கிற வழியைச் சொல்கிறேன். மதியம் ஒரு மணிக்கு அங்கே போய் ஒரு டீ குடியுங்கள். உள்ளூர் ஆட்கள், வங்கி ஊழியர்கள், வெலிங்டன் பக்கத்து மிலிட்டரிக் குடும்பங்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்களா என்று பாருங்கள். மெனு கார்டில் பன்னிரண்டு பக்கம், அதில் மெக்சிகன் முதல் முகலாய் வரை இருந்தால் ஃப்ரீசர்தான் அங்கே தலைமைச் சமையல்காரர். இரண்டு பக்க மெனுவும், "இது இன்னைக்கு இல்லீங்க" என்று ஒன்றிரண்டைத் தயங்காமல் சொல்கிற சர்வரும் இருந்தால் நம்பலாம்.

கிளப் இன்னொரு வழி. உங்கள் நாலு பேரில் யாராவது கோவையில் பழைய கிளப் எதிலாவது உறுப்பினர் என்றால், அந்த கிளப்புக்கு ஊட்டி கிளப், குன்னூர் கிளப், வெலிங்டன் ஜிம்கானா இவற்றில் எதனுடனாவது உடன்பாடு இருக்கிறதா என்று செயலாளர் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். இருந்தால் கடிதம் வாங்கி வந்துவிடுங்கள். என்னைக் கேட்டால் இந்த மலையில் ஒரு நல்ல பப்புக்கு மிக நெருங்கியது கிளப் பார்தான், நியாயமான விலை, மர நாற்காலி, சத்தமில்லாத அறை, மிளகுத்தண்ணி சூப்பிலிருந்து கேரமல் கஸ்டர்ட் வரை பழைய பட்லர் சமையல். ஸ்னூக்கர் விதிகள் 1882இல் எழுதி ஒட்டப்பட்டதே ஊட்டி கிளப்பில்தான். ஆனால் காலர் இல்லாத சட்டை, செருப்பு, இதெல்லாம் வாசலிலேயே நின்றுவிடும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

டாஸ்மாக் பார் பக்கம் போக வேண்டாம். சொல்வதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் தமிழ்நாட்டின் நிஜமான பார் சாப்பாடு அங்கே பிறந்ததுதான். கலக்கி, குடல் வறுவல், ஈரல் மிளகு, வேர்க்கடலை மசாலா, மாங்காய்த் துண்டில் மிளகாய்ப்பொடி. நல்ல கையில் கிடைத்தால் இதற்கு எந்த ஊர் பப் சாப்பாடும் பக்கத்தில் வராது. இடம்தான் குடும்பத்தோடு உட்காருகிற இடமில்லை.

இனி சாப்பாடு. முதலில் மலையின் குணம் ஒன்று. குன்னூர் ஏறத்தாழ 1850 மீட்டர், இங்கே தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், 2240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் இன்னும் ஒரு டிகிரிக்கு மேல் குறைவு. அதாவது எவ்வளவு தளதளவென்று கொதித்தாலும் சூடு அவ்வளவுதான், பருப்பும் ஆட்டிறைச்சியும் திறந்த பாத்திரத்தில் கீழ்நாட்டை விட நேரம் பிடிக்கும். சீசன் கூட்டத்தில் அந்தப் பொறுமை எந்த கிச்சனுக்கும் இருக்காது. மட்டன் பிரியாணி ரப்பராக வருவதற்கும், அதைத் தப்பிக்கக் குக்கரில் போட்டுக் குழைத்துவிடுவதற்கும் இதுதான் காரணம். ஆகவே பானத்தோடு கேட்கிற சாப்பாட்டை எண்ணெயிலும் கல்லிலும் வேகிறதாக வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயின் சூட்டுக்கு மலை உயரம் ஒரு பொருட்டில்லை. வறுவல், பொரியல், கிரில், இவையெல்லாம் இங்கேயும் ஒழுங்காக வரும்.

உங்கள் சைவ நண்பரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், சொல்லப்போனால் இந்த மலையில் அவர்தான் அதிர்ஷ்டசாலி. மொட்டுக் காளான் இங்கேயே வளர்க்கிறார்கள், மிளகு போட்டு வறுத்த காளானை நம்பிக் கேட்கலாம், தண்ணீர் விட்டுக்கொண்டு வந்தால் திருப்பி அனுப்பலாம், அது அவசரத்தில் கூட்டமாகப் போட்டு வதக்கியதன் அடையாளம். கேத்தி பள்ளத்தாக்கு கேரட், மலை உருளைக்கிழங்கு, ப்ரோக்கோலி, பட்டர் பீன்ஸ் எல்லாம் காலையில் மண்ணிலிருந்து வந்திருக்கும். உருளைக்கிழங்கை ஃப்ரோசன் பாக்கெட்டிலிருந்து பொரிக்கிற ஹோட்டல் இந்த ஊரிலேயே இருக்கிறது என்பது எனக்குத் தீராத எரிச்சல். "இங்க வெட்டினதா, பாக்கெட்டா?" என்று சர்வரிடம் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். சீஸ் என்று போட்டிருந்தால் எங்கே செய்தது என்றும் கேளுங்கள். குன்னூர் பக்கத்தில் ஏக்கர்ஸ் வைல்ட் பண்ணையில் சீஸ் செய்கிறார்கள், கொடைக்கானல் சீசும் பழையது, அந்த மாதிரி ஒன்று கிடைத்து கூட ஒரு கிளாஸ் ஒயின் வைத்தால் அந்த மேசையில் வேறெதுவும் தேவையில்லை.

அசைவத்துக்கு சில்லி பீஃப், மிளகுக் கோழி, ஆட்டு ஈரல், இந்த மூன்றில் நிற்கலாம். ஊட்டியில் 1950களில் ஒரு சீனக் குடும்பம் தொடங்கிய ஷிங்கோஸ் இன்னும் இருக்கிறது, மலையில் சைனீஸ் ருசி பழகியதற்கு அந்த மாதிரி இடங்கள்தான் காரணம், மதியச் சாப்பாட்டுக்கு அங்கே போய்விட்டு சாயங்காலம் வேறிடத்தில் உட்காரலாம். கடல் மீன் மெனுவில் இருந்தால் மலையேறி வந்தது என்று நினைவு வைத்துக் கேளுங்கள். டிரவுட் என்று போட்டிருந்தாலும் விசாரியுங்கள், அவலாஞ்சியில் 1907லிருந்தே டிரவுட் பொரிப்பகம் உண்டு, ஆனால் ஹோட்டல் தட்டுக்கு வருகிற அளவுக்கு அது தாராளமாகக் கிடைக்கிற மீன் இல்லை. இந்த மலையின் படகர் மக்களின் சமையல் பார்களில் கிடைக்காது, அதற்கு படகர் வீட்டு ஹோம்ஸ்டேயில் முன்கூட்டிச் சொல்லி வைக்க வேண்டும், அவரைக் குழம்பும், துப்பதிட்டு என்கிற அவர்கள் பலகாரமும் கிடைத்தால் ஒரு இரவை அதற்கே ஒதுக்கிவிடுங்கள்.

பானம். குளிருக்குச் சரக்கு சூடு தரும் என்பது முழுப் பொய். தோலுக்கு அருகில் உள்ள ரத்தக் குழாய்கள் விரிவதால் சூடாக இருப்பது போல் தோன்றும், உண்மையில் உடம்பின் உள்சூடு அந்த வழியாக வெளியேறிக்கொண்டிருக்கும். அதனால் இரண்டு பெக் போட்டுவிட்டு ஸ்வெட்டரைக் கழற்றுகிற வேலை வேண்டாம். குடிக்கச் சிறந்தது என்றால் என் கட்சி ரம்தான். வெந்நீர், எலுமிச்சை, கொஞ்சம் மலைத்தேன், ஒரு கிராம்பு. வெலிங்டன் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிராந்தியும் இதே மாதிரி எடுக்கலாம். காக்டெயில் பட்டியல் நீளமாக இருந்தால் ஒதுங்கிவிடுங்கள், பெரும்பாலும் கலர் சிரப்புதான்.

பியர் கேட்டால் சில்லென்று வேண்டாம், சாதாரணக் குளிர்ச்சி போதும் என்று சொல்லிவிடுங்கள், இந்த ஊர் ஸ்டோர் ரூமே போதுமான குளிர்ச்சி. கிளாசைச் சாய்த்து மெதுவாக ஊற்றச் சொல்லுங்கள், மலையில் காற்றழுத்தம் குறைவு, நுரை சட்டென்று பொங்கும். இன்னொரு கணக்கு நிறைய பேருக்குத் தெரிவதில்லை. 650 மில்லி ஸ்ட்ராங் பியர், ஏழரை சதவீதம் என்று வைத்தால், அதில் சுத்த ஆல்கஹால் 49 மில்லி வாக்கில் இருக்கும். 60 மில்லி லார்ஜ் விஸ்கியில் கிட்டத்தட்ட 26 மில்லி. "நான் பியர்தான், ரெண்டு பாட்டில்" என்கிறவர் நாலு லார்ஜுக்குக் கிட்டே போய்விட்டார். சாதாரண லேகர் ஐந்து சதவீதத்தில் இருக்கும், நீண்ட நேரம் உட்கார அதுதான் சரி.

அப்புறம், உங்கள் தேதியில் ஒரு சிக்கல் இருக்கிறது. மே 1 தமிழ்நாட்டில் மது விற்பனை இல்லாத நாள். டாஸ்மாக், கிளப், ஹோட்டல் பார் எல்லாம் மூடியிருக்கும். ஆக உங்கள் மூன்று இரவில் நடு இரவு போச்சு. அன்றைக்குத்தான் அந்தப் படகர் வீட்டுச் சாப்பாட்டை வையுங்கள், அல்லது லைசென்ஸ் இல்லாத அந்த நல்ல சின்ன ரெஸ்டாரன்ட்டுகளில் ஒன்றுக்குப் போங்கள், குழந்தைக்கும் அன்றுதான் கொண்டாட்டம். மிச்ச இரண்டு நாளும் சாயங்காலம் ஐந்தரைக்கே மேசையில் இருங்கள். இந்த ஊர் ஒன்பது மணிக்கு மேல் சுருங்கிவிடும், சீசனில் எட்டு மணிக்கு கிச்சனில் ஆர்டர் தேங்கி நிற்கும், அந்த நேரத்தில் போய் உட்கார்ந்தால் நல்ல மாஸ்டர் கையிலும் கெட்ட சாப்பாடுதான் வரும். மதியமே போன் செய்து மேசை சொல்லிவிடுங்கள். குன்னூரில் தங்கிக்கொண்டு இதற்காக ஊட்டி போக வேண்டாம், இருபது கிலோமீட்டர்கூட இல்லைதான், ஆனால் மே மாதத்தில் அந்த ரோடு ரோடு இல்லை, வண்டி நிறுத்துமிடம். மலையேறுகிற வண்டிக்கு இ-பாஸ் எடுத்துவிட்டீர்கள்தானே? 2024 மே மாதத்திலிருந்து கட்டாயம், வார இறுதி ஒதுக்கீடு முடிந்துவிட்டால் கீழேயே நிற்க வேண்டியதுதான்.

ஹோம்ஸ்டேயிலேயே பாட்டில் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்றால் ஏப்ரல் 30 அன்றே வாங்கிவிடுங்கள், டாஸ்மாக் மதியம் 12 முதல் இரவு 10 வரை. நீலகிரியில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்குவார்கள், காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாய் திரும்பி வரும். உடைந்த பாட்டில் காட்டில் யானைக் காலைக் கிழிக்கிறது என்று உயர் நீதிமன்றம் தலையிட்டு 2022இல் இங்கே ஆரம்பித்த திட்டம் இது. பாட்டிலில் ஸ்டிக்கர் இருக்கும், பிய்த்துவிடாதீர்கள். மிக்சிங்குக்கு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இந்த மாவட்டத்தில் விற்கக் கூடாது, தண்ணீருக்கு வீட்டிலிருந்து ஸ்டீல் பாட்டில் கொண்டுவந்துவிடுங்கள்.

பில் வந்ததும் ஒரு தடவை படியுங்கள். மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, அதற்கு மாநில வரிதான். சாப்பாட்டுக்கு வழக்கமாக 5 சதவீதம், அறை வாடகை 7500க்கு மேல் போகிற பெரிய ஹோட்டல்களில் 18 சதவீதம். சரக்கையும் சாப்பாட்டையும் ஒன்றாகக் கூட்டி மொத்தத்துக்கும் ஜிஎஸ்டி போட்ட பில்லை நான் பார்த்திருக்கிறேன், கேட்டதும் மாற்றிக் கொடுத்தார்கள். சர்வீஸ் சார்ஜ் கட்டாயமில்லை, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதையே சொன்னது. அதற்குப் பதில் சர்வர் கையில் நேராகக் கொடுங்கள்.

திரும்பிப் போவதைக் கடைசியில் எழுதினாலும் நீங்கள் முதலில் ஏற்பாடு செய்ய வேண்டியது அதுதான். குடித்தவர் யாரும் வண்டி எடுக்கக் கூடாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம்தான் வரம்பு, ஒரு ஸ்ட்ராங் பியரிலேயே அதைத் தாண்டிவிடலாம், முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். செயலியில் வண்டி கூப்பிடலாம் என்று கோவைப் பழக்கத்தில் இருக்காதீர்கள், இரவில் இங்கே அது வேலைக்கு ஆகாது. டாக்சி ஸ்டாண்டில் ஒரு டிரைவரை மதியமே பேசி, எட்டரைக்கு வரச் சொல்லி, நம்பரை வாங்கி வையுங்கள். பக்கம்தானே, நடந்தே போய்விடலாம் என்றும் நினைக்க வேண்டாம். குன்னூரில் இருட்டினால் தேயிலைத் தோட்டத்திலிருந்து காட்டுமாடு ரோட்டுக்கு வரும், சில பக்கம் கரடியும் உண்டு. காட்டுமாடு எதிரே நின்றால் டார்ச் அடித்து விரட்டப் பார்க்காமல், செல்போனை எடுத்து வீடியோ பிடிக்காமல், வந்த வழியே பின்னால் நகர்ந்து அது போகிறவரை காத்திருக்க வேண்டும். இரண்டு லார்ஜ் போட்டவருக்கு அந்தப் பொறுமை வராது, அதனால் டாக்சிக்காரர் கேட்கிற இரவு வாடகையைப் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.